கால் தெரியாத படம்

“அக்கா, கால் எங்க?”

விமல் என் கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கி, பின்பக்கத்துச் சின்னத் திரையில் படங்களைத் தள்ளிக்கொண்டே கேட்டான். அவனைச் சுற்றி ஒரே கூட்டம். ஒருவர் தோள்மேல் ஒருவர் தாடையை வைத்து எட்டிப் பார்க்கிறார்கள். சாயங்கால வெயில் திரையில் அடிக்க, யாரோ ஒரு பெண் தன் துப்பட்டாவை விரித்து நிழல் கொடுத்தாள். மண்ணும் வியர்வையும் சுளுக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் கலந்த வாடையில் எனக்குத் தலை சுற்றியது.

“எந்தக் கால்?” என்றேன்.

“எந்தக் காலா? ஒரு காலாவது வேணும்லக்கா! மத்தியானத்துலேருந்து எடுத்துருக்கீங்க. ஒருத்திக்காவது முட்டிக்குக் கீழ ஏதாச்சும் இருக்கா பாருங்க.”

பார்த்தேன். இல்லை. எல்லாப் பெண்களும் தலை முதல் இடுப்பு வரை பளிச்சென்று இருந்தார்கள். நெற்றியில் ஒட்டிய முடி தெரிந்தது. பல்லைக் கடித்தது தெரிந்தது. ஒருத்தி கம்மலைக் கழற்றிவிட்டுக் காதில் செருகியிருந்த வேப்பங்குச்சிகூடத் தெரிந்தது. கால் மட்டும் இல்லை.

அன்றைக்கு அத்தனை பேரும் தேடியதோ கால்தான். அதுவும் ஒரே ஒரு பெண்ணின் ஒற்றைக் கால்.

பெண்கள் கபடிப் போட்டியின் இறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டு அணிகளும் சமமாக நின்ற கடைசி நிமிடத்தில், போலகம் ஊர் அணியின் ரோஸ்லின், பாடி வந்த எதிரணிப் பெண்ணை இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அந்தப் பிடி செல்லுபடியாகியிருந்தால் கோப்பை போலகத்துக்கு. ஆனால், பிடிப்பதற்கு முன்பே அவளுடைய பின்னங்கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று நடுவர் சொல்லிவிட்டார். பிடி செல்லாது, புள்ளி எதிரணிக்கு. போலகம் அந்த ஒரு புள்ளியில் தோற்றது.

கோட்டுக்குப் போட்டிருந்த சுண்ணாம்பு அந்தத் தள்ளுமுள்ளிலேயே அழிந்துபோயிருந்தது. அதனால்தான் எல்லோரும் என்னைத் தேடி ஓடிவந்தார்கள்.

நான் ஏன் போனேன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் ஸ்டுடியோவைத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைத் திருப்பியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரைக்காலில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் படம் எடுப்பார். நான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைச் சரிபண்ணுவேன். பருவை எடுப்பது, மூடிய கண்ணைத் திறப்பது, வழுக்கையில் நாலு முடி முளைக்கவைப்பது, ஆல்பம் அடுக்குவது எல்லாம் என் இலாகா. பாஸ்போர்ட் படம் மட்டும் நானே எடுப்பேன்.

வீடு இருக்கும் கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து கடையைத் திறந்தால் சாயங்காலம்வரை முகம்தான், முகம்தான். ஊரில் பாதிப் பேருடைய முகத்தில் எங்கே மச்சம் என்று எனக்குத் தெரியும். நேரில் வந்து நின்றால் பேர் தெரியாது.

அன்றைக்கு முகூர்த்த நாள். கடையில் உதவிக்கு இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு அவர் கல்யாணத்துக்குப் போயாயிற்று. மத்தியானம் விமல் வந்து நிற்கிறான். எங்கள் தெருப் பையன், போட்டியை நடத்தும் இளைஞர்களில் ஒருவன். கபடிக்கு வருவதாக வாக்குக் கொடுத்தவரும் என் வீட்டுக்காரர், மறந்துபோனவரும் அவரே.

“நீயே போயிட்டு வாயேன். என்ன பெரிய விஷயம்? ஓடுவாளுங்க, புடிப்பாளுங்க. நீ பாட்டுக்குப் பட்டன அமுக்கிக்கிட்டே இரு,” என்றார் போனில். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

எனக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடுகிறவர்களின் வளையல், வாட்ச், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. அதை நான் ரொம்பப் பொறுப்பாகச் செய்தேன், ஒரு வளையலும் தொலைந்ததில்லை. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. இப்போதும் வீட்டில் அப்பாவும் மகனும் டிவி முன்னால் உட்கார்ந்து கத்தும்போது, “யாரு ஜெயிச்சா?” என்று கேட்டு இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறேன். ஆட்டம் இன்னும் முடியவில்லையாம்.

பிரான்ஸிலிருந்து வரும் தலைகள்

கால் ஏன் விழவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் என்னைச் சுத்த அசடு என்று நினைத்துவிடுவீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேராவது பிரான்ஸில் இருப்பார்கள். கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது. அதற்காகக் குடும்பப் படத்தில் ஆள் இல்லாமல் இருக்க முடியுமா? “அக்கா, தம்பி வரல. வாட்ஸப்புல போட்டோ அனுப்பிருக்கான். மாப்ள பக்கத்துல நிக்க வச்சிருங்க” என்பார்கள். தம்பி அனுப்பியிருப்பது செல்ஃபி. பின்னால் பனி கொட்டுகிறது, கழுத்தில் மஃப்ளர். மஃப்ளரை உருவி, பட்டுச் சட்டை மாட்டி, பனியைத் துடைத்து மண்டபத்தை வைத்து, அவரை எங்கள் வைகாசி வெயிலுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

கால்தான் வராது. செல்ஃபியில் ஏது கால்? வேறு யாருடைய காலையாவது எடுத்து ஒட்டினால் மனிதர் தரையில் நிற்காமல் மிதப்பார். அதனால் நான் சேர்த்துவைத்த தம்பிகள் எல்லோரும் பின்வரிசையில், நாற்காலிகளுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். கால் தெரிகிற படமே எனக்குத் தொந்தரவு. ஒரு படம் திரைக்கு வந்தால் என் கை தானாக இடுப்போடு வெட்டிவிடும். கேமராவைக் கொடுத்து மைதானத்தில் நிறுத்தினாலும் அதே கைதானே!

“தோளக் கொஞ்சம் கொறைங்க”

இந்தப் போட்டிக்குச் சில மாதங்கள் முன்னால், போலகத்திலிருந்து பிலோமினா என்று ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும். மகள் பச்சைப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் எடுத்துக்கொடுக்க, நான் திரையில் திறந்தேன். பிலோமினா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“அக்கா, தோளக் கொஞ்சம் கொறைங்க. ஆம்பளப் புள்ள மாதிரி இருக்கு.”

குறைத்தேன்.

“அந்தக் கையையும்.”

அதையும் குறைத்தேன். கழுத்தைக் கொஞ்சம் நீட்டினேன். பெண் ஒடிந்துவிடுவாள் போல மெலிந்து, அழகாக இருந்தாள். பிலோமினாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. மகள் எழுந்து வந்து திரையை ஒருமுறை பார்த்தாள்.

“யாரும்மா இது?” என்றாள்.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொண்டு கடிதம் போட வேண்டாம். கேட்கிறார்கள், செய்கிறேன். குறைக்காதே என்று சொல்லி இதுவரை ஒருவரும் கடைப்படி ஏறியதில்லை.

வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள்

மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. கடல் காற்று, தண்ணீர் தெளித்திருந்தும் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. வாழைமரம் கட்டிய பந்தலில் ஒருவர் மைக்கைப் பிடித்து மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் கோட்டுக்குப் பக்கத்தில் போய் மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று. ஒரு பெண் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் ஏறிப் போகிறாள். முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிகிறது. பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

“கண்ணு, இங்க பாரு! லேசா சிரி!”

அந்தப் பெண் உண்மையிலேயே திரும்பிப் பார்த்துவிட்டாள். அடுத்த நொடி நாலு பேர் அவள் மேல். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். “அம்மா, இங்க யாரும் தாலி கட்டல. சும்மா எடுங்க,” என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மைக் பிடித்திருந்தவர் அதையும் வர்ணித்தார்.

அதன்பிறகு ஓடுகிறவர்கள் பக்கமே போகாமல், ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களை எடுக்க ஆரம்பித்தேன். ஆட்டத்தில் அவுட்டானவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அசையாமல் இருந்தார்கள், வெளிச்சமும் நன்றாக விழுந்தது. திடீரென்று அதில் ஒருத்தி துள்ளி எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். இப்போதுதான் ஃபோகஸ் வைத்தேன் என்று எனக்கு எரிச்சல்.

“ஏன்டா விமல் ஓடுறா?”

“அவளுக்கு உயிர் வந்துருச்சுக்கா. நம்மாளு ஒரு பாயின்ட் எடுத்தா, வெளில உக்காந்துருக்கவங்கள்ல ஒருத்தி உள்ள போலாம். யாரு முதல்ல அவுட்டானாளோ அவ முதல்ல.”

எனக்கு அது பிடித்துவிட்டது. உண்மையாகவே பிடித்துவிட்டது. உள்ளே ஒருத்தி மூச்சைப் பிடித்துப் பாடினால் வெளியே இருப்பவள் எழுந்துகொள்கிறாள். ஆட்டம் பார்க்காமல், வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருப்பவள் முகத்தை மட்டும் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தது. பாயின்ட் வரப்போவது அந்த முகத்தில் முன்கூட்டியே வந்துவிடும்.

அப்படி ஒரு முறை லென்ஸை இழுத்துப் பார்த்தபோது, வரிசையின் தலையில் ஒரு பெண். முகத்தைவிடத் தோள்தான் முதலில் தெரிந்தது. இந்தத் தோளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். அப்புறம் நினைவு வந்தது. மவுஸை வைத்து நானே உள்ளே தள்ளிய தோள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் இருந்த இடைவேளையில் அவளிடம் போனேன்.

“என்னைத் தெரியுதாம்மா?”

“ஸ்டுடியோ அக்காதான,” என்றாள் ரோஸ்லின். தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். “அந்தப் போட்டோவப் பாத்துட்டுக் கும்பகோணத்துலேருந்து வந்தாங்கக்கா. நான் காப்பித் தட்டோட வந்து நின்னேன். மாப்ளயோட அக்கா போனப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, மறுபடி போனப் பாத்தாங்க. ‘இது அக்கா போல, தங்கச்சி உள்ள இருக்கா?’ன்னு அம்மாட்ட கேட்டாங்க.”

காலி பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள்.

“எனக்கு ஏதுக்கா தங்கச்சி?”

வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எல்லாம் கபடியால் வந்த வினை என்று பிலோமினா முடிவு கட்டிவிட்டார். இந்தப் போட்டியோடு அவள் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். இப்போது நெடுங்காட்டில் ஒரு வரன் வந்திருக்கிறது. அவர்களுக்கும் அதே படத்தை அனுப்பத் தயாராக வைத்திருக்கிறார்.

“அப்பா என்ன சொல்றாரு?”

“அப்பா ஒண்ணும் சொல்லல. அதான்க்கா பயமா இருக்கு.”

அப்பா அந்தோணி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவரும் ஒருகாலத்தில் ஆடியவர்தானாம். முட்டி போய், ஆட்டத்தை விட்டவர். மகள் ஆட வந்ததிலிருந்து ஒருநாளும் ஆடு என்றதில்லை, ஆடாதே என்றதுமில்லை.

“நான் ஆடும்போது ஒரு படம் நல்லா எடுத்துக் குடுங்கக்கா. அத அனுப்பச் சொல்லி அப்பாட்ட கேக்கப்போறேன். வர்றவங்க தெரிஞ்சே வரட்டும். இல்லன்னா வரவேணாம். இன்னொரு தடவ அந்தத் தட்டத் தூக்கிக்கிட்டு என்னால நிக்க முடியாது.”

விசில் ஊதினார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். அதுவரை பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தப் பிடி

இறுதி ஆட்டம் முழுக்க நான் வேறு யாரையும் எடுக்கவில்லை. கேமராவுக்குள் ரோஸ்லின் மட்டும்தான். அவள் குனிந்தால் நானும் குனிந்தேன். அவள் அவுட்டாகி உட்கார்ந்தபோது, உள்ளே பாடப் போன பெண்ணுக்காக மாதாவை நான் வேண்டிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவள்.

கடைசியாக எதிரணிப் பெண் பாடி வந்தாள். எனக்கு அவள் தெரியவில்லை, குரல் மட்டும் நெருங்கி நெருங்கி வந்தது. ரோஸ்லினின் கண் ஒரே இடத்தில் நின்றது. அவள் தோள் இறங்கியது. பிறகு ஏதோ மோதியது, மண் பறந்தது, நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் விசில். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட, கேமராவை இறக்கிவிட்டேன்.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விமல் எல்லாப் படத்தையும் பார்த்து முடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். “இன்னும் ஒரு அடி கீழ எடுத்துருக்கலாம்க்கா,” என்றான். அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. கூட்டம் கலைந்தது. ரோஸ்லின், அவுட்டானவர்கள் உட்காரும் அதே இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“நான் உள்ளதான்க்கா இருந்தேன்,” என்றாள்.

இருந்தாய் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் நான் பார்க்கவில்லையே. “எனக்குத் தெரியலம்மா,” என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிடியின் படத்தை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

லோடு ஆட்டோ

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியான வேளை, கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இறங்கி வந்தவருக்கு வலது கால் மடங்கவில்லை. கபடிக்குப் போய்வந்ததிலிருந்து நான் மனிதர்களின் காலைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அவர் பேர் சொல்வதற்கு முன்பே யார் என்று தெரிந்துவிட்டது.

“தங்கச்சி, இத நீங்கதான எடுத்தீங்க?” அந்தோணி போனை நீட்டினார்.

“ஆமாண்ணே.”

“போலகம் பூரா ஒரே பேச்சு. அந்தோணி மக காலால கோப்பை போச்சுன்னு. டீக்கடையில உக்கார முடியல. போன்ல சின்னதா இருக்கு. பெருசாப் போட்டா கால் தெரியுமான்னு கேக்கலாம்னு வந்தேன்.”

தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பெரிய திரையில் திறந்தேன். எதிரணிப் பெண்ணின் முதுகு. அதைச் சுற்றிக் கோத்த இரண்டு கைகள். சட்டை இறுகிய அந்தத் தோள்கள், பக்கத்தில் எதையும் நிற்கவிடாத அளவுக்கு அகலமாக. மேலே ரோஸ்லினின் முகம். கன்னத்தில் மண், வாய் கொஞ்சம் திறந்து, கண் முழுசாக விரிந்திருந்தது. படம் அவள் இடுப்போடு முடிந்துவிட்டது.

“மன்னிச்சுக்குங்கண்ணே. எனக்குக் கால் எடுக்க வராது. நான் பாத்ததே மூஞ்சியத்தான்.”

அவர் ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். மடங்காத கால் தனியாகப் பின்னால் நீண்டிருந்தது.

“விசிலுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடியா?”

“முன்னாடி. விசில் அடிச்சதும் நான் பயந்துபோயி நிறுத்திட்டேன்.”

“ம்,” என்றார். “கோட்ட மிதிச்சா காலுக்குத் தெரியும் தங்கச்சி. ரெஃப்ரிக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஆடுறவளுக்குத் தெரிஞ்சிரும். நான் எத்தன தடவ மிதிச்சிருப்பேன்! தெரிஞ்சவ மூஞ்சி இப்படி இருக்காது.”

விரலால் திரையைத் தொடப்போய், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

“உள்ளதான் இருந்திருக்கா,” என்றார்.

அவர் குரல் உடைந்திருந்தது. நான் மின்விசிறியைக் கூட்டிவைத்தேன்.

“இதப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க, நடு வீட்டுல மாட்டணும். நெடுங்காட்டுக்காரங்களுக்குக் குடுக்க ஒண்ணு. பிலோமினா கத்துவா. கத்தட்டும்.”

என் கை பழக்கத்தில் மவுஸை நகர்த்தி ரோஸ்லினின் தோள்மேல் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. கடைக்கு வரும் எல்லோரையும் கேட்பதுபோல் அவரையும் கேட்டுவிட்டேன்.

“ஏதாவது சரிபண்ணணுமாண்ணே?”

அந்தோணி அண்ணன் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“இதுல எதம்மா சரிபண்ணுவீங்க?”

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.